ஒரு கணிப்பொறியும் பல குடிகளும்

உலகிலுள்ள பொருள்களைப் பகிர்ந்தாற் குறைவன, பகிர்ந்தாலுங் குறையாதன என இருவகையாகப் பகுத்துரைத்தல் ஆசிரியர் பலரின் வழக்கு. சோறு முன்னதற்கும் கல்வி பின்னதற்கும் எடுத்துக்காட்டாம். கணிப்பொறியை இவற்றுள் எவ்வகையிற் சேர்ப்பது? ஒருவன் அதன்முன் அமர்ந்து கட்டுரையொன்றைத் தட்டச்சு செய்கின்றான் எனக் கொள்வோம். எத்துணை விரைந்து அடிப்பினும் ஒரு நொடியிற் பத்து எழுத்துக்களுக்குமேல் அவனால் அடித்தல் அரிது. அந்த ஒரு நொடியில் அப்பொறியின் செயலியோ நூறு கோடிக்கும் மேற்பட்ட ஆணைகளை நிறைவேற்ற வல்லது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே அது செய்தற்கு வேலையின்றிக் காத்துக் கிடக்கின்றது. ஆதலின் அதனை நால்வர்க்குப் பகிர்ந்தளிப்பின், குறைவது பெரும்பாலும் அதன் சோம்பலே. ஐந்தப்பங் கொண்டு ஐயாயிரவரை உண்பித்தது அற்புதம். ஒரு பொறியை நால்வர்க்கு உதவச் செய்வதோ வெறுங் கணக்கு.

கணக்கு எளிது. அரியது வேறொன்று. ஒரே வீட்டிற் பல குடித்தனம் இருக்குங்கால் கிணறும் முற்றமும் பொதுவாக இருக்கலாம். அடுப்பும் பெட்டியும் பொதுவாக இருத்தல் இயலாது. அடுத்த குடியின் குழந்தை நம் விளக்கை அணைத்துவிட்டுப் போகாமலும், நம் கடிதத்தை அயலார் படியாமலும் இருந்தாலன்றி அவ்வீட்டில் வாழ்தல் ஒண்ணாது. கணிப்பொறியைப் பகிர்தலிலும் அறிஞர் பல்லாண்டு போராடியது, பொறியைப் பங்கிடுதற்கன்று. பங்கிட்டபின் இடையே எழுப்ப வேண்டிய சுவருக்கே. அச்சுவரின் வரலாற்றையும், இன்று மேசைமேலுள்ள ஒரு சிறு பொறியைப் பலர்க்கு உதவச் செய்ய விழைவோர்க்கு அஃது எவ்வாறு பயன்படும் என்பதையும் ஈண்டுக் கூறுவோம்.

1950-களிற் கணிப்பொறி என்பது ஓர் அறையை நிறைத்து நிற்கும் பெருஞ்சொத்து. நிரல் எழுதுவோர் அதனைத் துளையட்டைகளாக்கிக் கட்டி அலுவலரிடம் ஒப்புவித்துவிட்டுப் போவர். விடை சில மணி கழித்தோ மறுநாளோ கிட்டும். ஒரு குறி பிழைத்திருப்பின் மீண்டுங் காத்திருத்தல் வேண்டும். பொறியின் பொழுது விலையுயர்ந்தது, மனிதனின் பொழுது மலிந்தது என்பதே அக்காலத்துக் கொள்கை. 1959-இல் பாரிஸ் நகரத்து மாநாட்டிற் கிறிஸ்தபர் ஸ்ட்ரேச்சி என்னும் ஆங்கிலேயர் நேரப்பகிர்வு பற்றி ஒரு கட்டுரை படித்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் மாசச்சூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி, பலர் ஒருங்கே ஒரு பொறியொடு உரையாடும் முறையை வேண்டிக் குறிப்பொன்று எழுதினார். அதே கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் 1961 நவம்பரில் அதனைச் செய்துங் காட்டினர். சி.டி.எஸ்.எஸ். என்பது அவ்வமைப்பின் பெயர்.

பின்னர் அது குடியேறிய ஐ.பி.எம். 7094 பொறியின் நினைவகம் இரண்டு கூறாக இருந்தது. ஒவ்வொன்றும் 32,768 சொற்களைக் கொள்வது. ஒரு கூறு மேற்பார்வை நிரலுக்கு, மற்றது பயனர்க்கு. ஏறத்தாழ முப்பதின்மர் முப்பது தட்டச்சுப்பொறிகளின்முன் அமர்ந்திருப்பினும், ஒரு கணத்தில் அக்கூறினுள் இருப்பவர் ஒருவரே. அவர்க்குரிய நொடிப்பொழுது கழிந்ததும், அவருடைய நிரல் வெளியே உருளையில் எடுத்து வைக்கப்பட்டு அடுத்தவருடையது உள்ளே வரும். ஒரே மேடையிற் கூத்தர் மாறி மாறி ஏறியிறங்குவது போன்ற இஃது அத்துணை விரைவாக நிகழ்தலின், ஒவ்வொருவரும் மேடை தமக்கே உரியதென எண்ணினர்.

பல குடிகள் வந்தபின் பூட்டும் வேண்டுமன்றோ? கடவுச்சொல்லை வழங்கிய முதல் அமைப்புக்களுள் இது ஒன்று. அப்பூட்டு உடைபட நெடுநாள் ஆகவில்லை. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர்க்கு வாரத்திற்கு 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்தம் ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. கோப்புக்களை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியாக வேண்டும் முறை அங்கிருந்தது. 1962-இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பினையே அவ்வாறு வேண்டினார். அச்சடித்த தாளும் வந்து சேர்ந்தது! அயலார் பெயரில் நுழைந்து அவர் தம் கணக்குகளை முடித்துக்கொண்டார். கால் நூற்றாண்டு கழித்தே இதனை வெளியிட்டார். அவர் செயலைச் சரியென்று யாரும் சொல்லார். ஆயினும் பங்கீடு குறைவாக இருக்குமிடத்துச் சுவரேறிக் குதிப்போர் தோன்றுவர் என்பதை அவ்வமைப்பை வகுத்தோர் கருதியிருத்தல் வேண்டும்.

இதனினும் நமக்குப் பாடமாவது அவ்வமைப்பில் நேர்ந்த மற்றொரு நிகழ்ச்சி. கோர்பட்டோவே தம் டூரிங் பரிசுச் சொற்பொழிவில் அதனை எடுத்துரைத்துள்ளார். பயனர் உள்ளே நுழைந்தவுடன் அன்றைய அறிவிப்பு ஒன்று அவர்க்கு அச்சாகி வரும். ஒருநாள் அவ்வறிவிப்புக்கு மாறாக, பயனர் அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. எவ்வாறு? கோப்புக்களைத் திருத்தும் நிரல், திருத்தம் நடக்குங்கால் ஒரு தற்காலிகக் கோப்பினை வைத்துக்கொள்ளும். அதற்கு எப்பொழுதும் ஒரே பெயர்தான். ஒரு காலத்தில் ஒருவரே அந்நிரலை ஆள்வர் என்னும் நம்பிக்கையில் அவ்வாறு எழுதப்பட்டது. அன்று நிருவாகிகள் இருவர், ஒருவர் அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே வேளையில் திருத்த முற்பட்டனர். பெயர் ஒன்றாதலின் ஒன்றன் உள்ளடக்கம் மற்றதன் இடத்திற்குச் சென்றுவிட்டது.

இங்குத் திருடன் ஒருவனும் இல்லை. தான் தனித்திருப்பதாக நம்பிய ஒரு நிரலே எல்லாவற்றிற்குங் காரணம். இதனைத் தீர்க்க வழி இரண்டு. நிரல்கள் ஒவ்வொன்றையும் அயலாரை நினைவிற்கொண்டு திருத்தியெழுதுதல் ஒன்று. அதற்கு முடிவே இராது. மற்றொன்று, அந்நிரலின் நம்பிக்கையையே மெய்யாக்கி விடுதல். தனித்திருப்பதாக எண்ணுகின்றாயா? நன்று, தனியாகவே இரு. உனக்கென ஒரு முழுப்பொறி தருகின்றோம் என அதனிடம் கூறுவது போன்றது இவ்வழி. மெய்நிகர்ப் பொறி என்பது இதுவே.

இதனை முதலிற் செய்து காட்டியோர் மேற்கூறிய கழகத்தின் அண்மையிலேயே, மாசச்சூசட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஐ.பி.எம். ஆய்வுநிலையத்தார். ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ முதலியோர் இயற்றிய சி.பி.-40 என்னும் அமைப்பு 1967-இல் வழக்கிற்கு வந்தது. ஒரே பொறி 14 மெய்நிகர்ப் பொறிகளாகத் தோற்றமளித்தது. அவ்வொவ்வொன்றினுள்ளும் சி.எம்.எஸ். என்னும் சிறிய இயக்கமுறைமை ஓடியது. அது ஒருவர்க்கு மட்டும் பணிபுரியத் தெரிந்தது. அயலார் என்ற சொல்லையே அறியாதது. பகிர்தல் முழுவதையும் கீழிருந்த கண்காணி நிரல் ஏற்றது. பணி முழுவதையும் மேலிருந்த சி.எம்.எஸ். ஏற்றது. இவ்வேலைப் பிரிவினை எளிமையானது; எனினும் இத்துறையில் இதனினும் அழகிய கருத்தொன்றை யான் கண்டிலேன். 1972-இல் ஐ.பி.எம். இதனை வி.எம்./370 என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது.

இம்மாயம் நடக்கும் முறையைச் சிறிது விரித்துரைப்பாம். செயலிக்கு இடப்படும் ஆணைகளுட் கூட்டுதல், கழித்தல் போன்றவை யாவர்க்கும் பொது. நினைவகத்தின் எல்லையை மாற்றுதல், வட்டினை இயக்குதல் முதலியவை தலைவனுக்கு மட்டுமே உரியவை. தலைவனல்லாத நிரல் இவற்றை இடின், செயலி நிறைவேற்றாது நிறுத்திக் கண்காணியிடம் முறையிடும். கண்காணி அவ்வாணையை வாங்கி, மெய்ப்பொறியைத் தொடாமல், அக்குடிக்கென வைத்துள்ள கணக்கேட்டில் மட்டும் மாற்றம் செய்து, 'ஆயிற்று' என்று விடையிறுக்கும். குடியிருக்கும் இயக்கமுறைமையோ தன் ஆட்சி நடப்பதாகவே கருதும். தீங்கு விளைக்கத்தக்க ஆணை ஒவ்வொன்றும் இவ்வாறு தடைபட்டுக் கண்காணியிடம் வருதல் வேண்டும் என்பதைப் போபெக், கோல்ட்பர்க் என்னும் இருவர் 1974-இல் இலக்கணம்போல் வரையறுத்தனர்.

நம் மேசைகளிற் பெரிதும் வழங்கும் இன்டெல் வகைச் செயலிகள் நெடுங்காலம் அவ்விலக்கணத்திற்கு அடங்காதவையாக இருந்தன. எடுத்துக்காட்டாக, இடையீடுகளை அடைத்து வைக்கவுந் திறந்துவிடவும் உதவும் ஆணையொன்று அவற்றில் உண்டு. தலைவனல்லாதான் அதனை இடின், செயலி முறையிடவும் செய்யாது, நிறைவேற்றவும் செய்யாது, வாளா இருந்துவிடும். தாழ்ப்பாளிட்டேன் என்று குடியிருப்போன் நம்பியிருக்க, கதவு திறந்தே கிடக்கும். இதனால் இச்சிறு பொறிகளில் மெய்நிகர்ப் பொறி அமையாது எனப் பலர் கருதினர். 1999-இல் விஎம்வேர் நிறுவனத்தார் ஒரு வழி கண்டனர். குடியின் ஆணைகளை ஓடவிடுமுன் கண்காணி அவற்றைப் படித்து, தொல்லைதரும் ஆணைகளை மட்டும் வேறு ஆணைகளாகப் பெயர்த்து ஓடவிடும். உரையாசிரியன் ஒருவன் மூலத்திற் பாடங்கெட்ட இடங்களை மட்டுந் திருத்திக்கொண்டு போவது போன்ற இவ்வேலை தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்குரிய வசதியை அமைத்தன. 2007-இல் கே.வி.எம். என்னும் கண்காணி லினக்ஸின் கருவிற் சேர்ந்தது. அதன்பின் பொருட்செலவின்றி யாரும் இதனைச் செய்துகொள்ளலாயிற்று.

இனி, நல்ல பொறியொன்றை மட்டும் வாங்கவல்ல பள்ளியொன்று நால்வர்க்கு அதனைப் பயன்படுத்த விழைகின்றது எனக் கொள்வோம். நான்கு திரை, நான்கு விசைப்பலகை, நான்கு மௌஸ் வேண்டும். இவை பகிரத்தக்கவை அல்ல. அடுத்து நினைவகம். செயலியின் பொழுதைப்போல் நினைவகம் மாறி மாறிப் பயன்படாது; குடிபுகுந்தவன் இருக்குமளவும் இடத்தை அடைத்துக்கொண்டேயிருப்பான். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி வேண்டும். 16 ஜிபி உள்ள பொறியில் நான்கு குடிகளை வைப்பின் கண்காணிக்கு ஒன்றும் எஞ்சாது. ஆதலின் 32 ஜிபி வேண்டும். அன்றேல் எளிய லினக்ஸ் வகையொன்றைக் கொண்டு 3 ஜிபி வீதம் அளித்து, எஞ்சிய 4 ஜிபியைக் கண்காணிக்கு விடல் வேண்டும். விலைக்கு வாங்கும் இயக்கமுறைமையாயின் குடிக்கொரு உரிமம் பெறுதல் பெரும்பாலும் கட்டாயம். மலிவு கருதி இதில் இறங்குவோர் இச்செலவையும் கணக்கிற் கொள்ளுக.

சுவரின்றியும் பகிரலாம். ஒரே இயக்கமுறைமையில் நால்வரும் தத்தம் பெயரில் நுழைந்து பணியாற்றுதல் அவ்வழி. பொதுநிரல்கள் ஒருமுறையே நினைவகத்தில் ஏறுதலின் இடம் மிகுதியும் மிச்சமாகும். அக்காலத்து மாசிடோனிய அரசு, 2007-இல் தன் பள்ளிகளுக்கு அறிவித்த திட்டம் இத்தகையது. அதன்படி 20,000 கணிப்பொறிகளைக் கொண்டு, அவற்றோடு இணைத்த சிறு கருவிகள் வாயிலாக மேலும் 1,60,000 இருக்கைகள் அமைய இருந்தன, ஓடியது லினக்ஸ். மாணவர் யாவரும் ஒரே பாடத்தை ஒரே நிரலிற் பயில்வராயின் இதுவே தக்கது. அங்கு மெய்நிகர்ப் பொறி வேண்டுமென்பது வீண் ஆடம்பரம் என்பேன்.

ஆயினும் மாணவர் பொறியின் உள்ளமைப்பையே கற்க வந்தவராயின் நிலை வேறு. அவர்க்குத் தலைவனுக்குரிய உரிமை வேண்டும். உடைத்துப் பார்த்தன்றி அக்கல்வி வாராது. பொது இயக்கமுறைமையில் ஒருவன் உடைத்தால் நால்வருக்கும் உடையும். மெய்நிகர்ப் பொறியில் அவனுடையது மட்டுமே உடையும்; அதனையும் மீட்டல் எளிது. ஏனெனில் அப்பொறியின் வட்டு முழுவதும் கண்காணியின் கண்ணுக்கு ஒரு கோப்பே. காலையில் அக்கோப்பின் படியொன்றை எடுத்துவைத்தால், மாலையில் எத்துணைக் கெட்டிருப்பினும் பழைய நிலைக்கு மீட்கலாம். வேறொரு பொறிக்கு அக்கோப்பைக் கொண்டுசென்று அங்கு எழுப்புதலுங் கூடும். கூடுவிட்டுக் கூடு பாய்தலைச் சித்தர்க்கு உரியதென்றனர் முன்னோர். ஈண்டு அதற்கு வேண்டுவது கோப்பைச் சுமக்க ஒரு வட்டு மட்டுமே. அவ்வாறே ஆசிரியரின் மதிப்பெண் ஏடும் மாணவரின் விளையாட்டும் ஒரே பெட்டியில் இருக்க நேரின், இடையே இச்சுவர் கட்டாயம் வேண்டும்.

சுவர் முற்றும் பழுதற்றதென்று சொல்லற்கில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் இரண்டு குறைகள் வெளியாயின. செயலி தான் விரைவாக எடுத்துக்கொள்ளும் பொருட்டுச் சில செய்திகளை அருகில் ஒரு சிறு நினைவகத்தில் வைத்திருக்கும்; அதனையும் குடிகள் பகிர்வதுண்டு. ஒரு செய்தி விரைந்து கிட்டுகின்றதா தாழ்த்துக் கிட்டுகின்றதா என்று அளந்தே, தான் பார்க்கக்கூடாததை அயலான் உய்த்துணரலாம் என்பது அப்பொழுது தெளிவாயிற்று. பொது அடுப்படியிற் சூடு ஆறாத பாத்திரத்தைத் தொட்டு, பக்கத்துக் குடியினர் சமைத்ததை அறிவது போன்றது இது. திருத்தங்கள் வந்துள்ளன, அவற்றுட் சில பொறியின் விரைவைச் சிறிது குறைத்தன. ஆதலின் கண்காணியையும் செயலியின் உள்நிரலையும் காலந்தோறும் புதுப்பியாத பள்ளி, சுவர் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவே.

எந்தக் கண்காணியாலும் பிரித்துத் தரவியலாத பொருள்களும் அப்பெட்டியுள் உள. மின்வழங்கி ஒன்று; விசிறி ஒன்று; பெரும்பாலும் வட்டும் ஒன்றே. அவற்றுள் ஒன்று நின்றால் நான்கு திரையும் ஒருங்கே இருளும். நால்வரின் கோப்புக்களுக்கும் வேறிடத்தில் ஒரு படியும், மின்தடைக்கு ஒரு யுபிஎஸ்-உம், வாங்கும் பட்டியலில் நினைவகத்திற்கு அடுத்தபடியாகவே எழுதப்பட வேண்டியவை.