முதல் மாரியில் வீட்டுத்தோட்டம்

சொந்த வளவுக்குத் திரும்பி வந்த குடும்பத்துக்கு முதல் வருடம் கடினமானது. வயல் பற்றையாகிக் கிடக்கும். புதிதாக வைத்த தென்னை காய்க்கப் பல வருடங்கள் செல்லும். உலர் உணவு நிவாரணத்தில் அரிசி, மா, பருப்பு கிடைத்தாலும் மரக்கறியும் இலைக்கறியும் கிடைப்பதில்லை. அந்த நிவாரணமும் ஒரு நாள் நின்றுவிடும். இந்த இடைவெளியில் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கைகொடுப்பது வீட்டுத்தோட்டம். கையில் காசு குறைந்த குடும்பம் எதை முதலில் செய்யலாம், எதைப் பிறகு செய்யலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. மண்வெட்டி எடுக்க முன்

உங்கள் வளவு மிதிவெடி அகற்றப்பட்ட பகுதிக்குள் அடங்குகிறதா எனக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கிண்டும்போது சந்தேகமான பொருள் தென்பட்டால் தொட வேண்டாம். வேலையை நிறுத்தி, வந்த வழியே திரும்பிச் சென்று உடனே அறிவியுங்கள். பற்றைக்கு நெருப்பு வைக்க வேண்டாம். மறைந்திருக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். எரிக்காமல் விட்ட சருகு பசளையாகவும் பயன்படும். நெடுநாள் பாவிக்காத கிணற்றுக்குள் நீங்களாக இறங்க வேண்டாம். உள்ளே நச்சு வாயுவோ வெடிபொருளோ இருக்கலாம்.

2. சிறிதாகத் தொடங்குங்கள்

முழு வளவையும் ஒரே தடவையில் கொத்த வேண்டாம். குசினிக்கும் கிணற்றுக்கும் அருகில் 3 அடி அகலம், 10 அடி நீளமான நான்கு பாத்திகள் போதும். 3 அடி அகலமென்றால் இரு பக்கமும் நின்று கை எட்டும். பாத்தியை மிதிக்கத் தேவையில்லை. மாரியில் நீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி போடுங்கள். கோடையில் நீர் நிற்கும்படி தாழ்பாத்தி போடுங்கள்.

மாடும் ஆடும் ஓரிரவில் எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆகவே வேலி முக்கியம். மழை தொடங்கியதும் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைத் தடிகளை நெருக்கமாக நடுங்கள். அவை வேர்விட்டு உயிர்வேலியாகும். அதுவரை முள்ளுக் கொப்புகளால் அடையுங்கள்.

3. எது எப்போது சாப்பாட்டுக்கு வரும்?

• 3 முதல் 4 வாரங்களில்: முளைக்கீரை.
• சுமார் 2 மாதங்களில்: வெண்டி, பயிற்றை.
• 3 மாதமளவில்: கத்தரி, மிளகாய். இவற்றின் நாற்றை மழைக்கு முன்பே மேடை போட்டு வளர்த்திருக்க வேண்டும்.
• 8 முதல் 10 மாதங்களில்: மரவள்ளி, பப்பாசி. மரவள்ளியைத் தோல் நீக்கி, பானையை மூடாமல் நன்றாக அவித்துச் சாப்பிடுங்கள்.
• ஒரு வருடமளவில்: வாழை.

இவற்றில் ஒவ்வொரு வகையையும் முதல் மாரியிலேயே நட்டால், ஒன்று முடிய மற்றொன்று வரும். வேலியோரத்தில் முருங்கைத் தடி இரண்டை ஊன்றி விடுங்கள். முருங்கையிலையில் இரும்புச்சத்தும் விற்றமின் ஏ-யும் உண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறுவருக்கும் அது மிக நல்லது.

4. காசில்லாப் பசளை, மருந்து

நிழலான இடத்தில், கிணற்றுக்குத் தூரமாகக் கூட்டெரு போடுங்கள். காய்ந்த சருகு ஓர் அடுக்கு, சீமைக்கிளுவை போன்ற பச்சை இலை ஓர் அடுக்கு, அதன்மேல் சாணம் என மாறி மாறிப் பரப்பி ஈரமாக வைத்திருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புரட்டினால் சுமார் 3 மாதங்களில் கறுத்து உதிரும்; மண்வாசனை வீசும். அதுவே பதம்.

பூச்சி கண்டால், உலர்ந்த வேப்பம் விதையை இடித்து ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் வடித்து, சிறிதளவு சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள்.

5. கோடைக்குத் தண்ணீர்

தை கழிய மழை குறையும். குளிக்கும் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் வாழைக்கும் தென்னைக்கும் வாய்க்கால் வெட்டி விடுங்கள். கீரைக்கு விட வேண்டாம். கத்தரி, மிளகாய் நடுவே சிறு மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, நுளம்பு முட்டையிடாதபடி மூடி வையுங்கள். நீர் மெல்லக் கசிந்து வேரைச் சேரும். பாத்தியின் மேல் சருகோ வைக்கோலோ பரப்பினால் ஈரம் காயாது.

6. விதையைக் கைவிட வேண்டாம்

நல்ல செடி ஒவ்வொன்றிலும் இரண்டொரு காயை முற்றவிட்டுக் காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் இறுக மூடி வையுங்கள். கடையில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி போல் காய்க்காது. ஆகவே ஊர் விதையைத் தேடிப் பிடியுங்கள். அயலில் ஒரு வீட்டில் பயிற்றை, இன்னொரு வீட்டில் கத்தரி என்று விதை இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். மேலதிக ஆலோசனைக்கு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தையும் விவசாயப் போதனாசிரியரையும் நாடுங்கள். அடுத்த மாரிக்கு விதைக்காக எவரிடமும் கை நீட்டாமல் இருப்பதே இந்த முதல் வருடத்தின் இலக்கு.