வீட்டு மீட்டரில் கடை நடத்தலாமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டு முன்னறையைக் கடையாக்கியவர் நம்மில் பலர். சிலருக்கு மின்கட்டணம் வீட்டுக் கணக்கிலேயே போகிறது.

1957இல் தொடங்கிய மின்வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டது. இன்று பில் போடுவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். பெயர் மாறினாலும் வீட்டுக்கு ஒரு விகிதம், கடைக்கு ஒரு விகிதம் என்பது மாறவில்லை.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் கடை விகிதத்தைப்போல் இரு மடங்கு விதிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கு. கடை விகிதத்தில் மாதம் 2,000 ரூபாய் என்றால் மதிப்பீடு 48,000 ரூபாய்!

ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். இறுதி உத்தரவின் மீது 30 நாளுக்குள் மேல்முறையீடும் உண்டு. ஆனால் பாதித் தொகையை முன்னதாகக் கட்டியாக வேண்டும்.

ஆகவே, சோதனைக்கு ஆள் வருமுன் நாமே பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து விகிதத்தை மாற்றிக்கொள்வோம்.