நகத்தைப் பிடுங்க வேண்டாம், டாக்டர்

அன்புள்ள இளம் டாக்டருக்கு,

கோரிமேட்டில் மருத்துவப் படிப்பை முடித்து, புதுச்சேரி நகரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி.யில் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். காய்ச்சல், இருமல், பிரஷர், சுகர் என்று நகரும் வரிசையில் நொண்டிக்கொண்டே ஒருவர் வருவார். செருப்பைக் கழற்றினால் கால் கட்டைவிரலின் ஓரம் சிவந்து வீங்கியிருக்கும். நகத்தின் மேல் சதை ஏறி நிற்கும். "நகம் உள்ளே குத்துது டாக்டர், எடுத்து விட்டுடுங்க" என்பார். மரத்துப்போக ஊசி போட்டு, முழு நகத்தையும் இழுத்தெடுத்து, கட்டுப் போட்டு, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதி அனுப்புவது கால் மணி நேர வேலை. அவரும் கும்பிட்டுவிட்டுப் போவார். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் வாதிடப்போவது ஒன்றைத்தான்: முழு நகத்தைப் பிடுங்குவது இந்த நோய்க்குப் பெரும்பாலும் வைத்தியம் ஆகாது. குத்தும் ஓரத்தை மட்டும் கவனியுங்கள். அதற்கும் முன்னால் பாதத்தைக் கவனியுங்கள்.

இந்தத் தொல்லை தொடங்கும் விதத்தைப் பாருங்கள். நகத்தின் இரு ஓரங்களையும் ஒட்டிச் சதை மடிப்பு இருக்கிறது. நகத்தின் கூர்முனை ஒன்று அதற்குள் நுழைந்துவிட்டால் உடம்பு அதை அந்நியப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். முதலில் சிவப்பும் வலியும், பிறகு சீழ், இன்னும் நாள் போனால், தொட்டாலே ரத்தம் கசியும் புண்சதை. இந்த மூன்று படிகளாகப் பிரித்துப் பார்ப்பதே இன்றும் வழக்கம். அந்தக் கூர்முனையைப் பெரும்பாலும் உண்டாக்குவது நகவெட்டிதான். மூலையை வளைத்து ஆழமாக வெட்டும்போது, கண்ணுக்கு எட்டாத அடி ஓரத்தில் ஒரு மெல்லிய துணுக்கு வெட்டுப்படாமல் நின்றுவிடும். நகம் வளர வளர அது சதைக்குள் முன்னேறும். இறுக்கமான ஷூ சதையை நகத்தின் மீது தள்ளும். வியர்வையில் ஊறிய தோல் சுலபமாகக் கிழியும். பள்ளிப் பையன்களிடம் இது அதிகம் தென்படுவதற்குக் காரணம், இறுக்கமும் வியர்வையும் அவர்களிடம் ஒன்றுசேர்வதுதான்: காலை முதல் மாலை வரை நைலான் சாக்ஸும் கறுப்பு ஷூவும், அதன்பின் உப்பளம் மைதானத்தில் ஒரு சைஸ் சின்னதான ஃபுட்பால் பூட்ஸும். 1987-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, தொல்லை கொடுத்த விரல்களையும் நல்ல விரல்களையும் ஒப்பிட்டு, நகத்தின் அமைப்பில் குறை எதையும் காணவில்லை. அதற்கும் முன்பு, 1959-இல், வாண்டன்பாஸ், பவர்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நகத்தைத் தொடாமல் சுற்றியுள்ள சதையை மட்டும் அகற்றும் அறுவையை எழுதி வைத்தார்கள். குறை நகத்தில் இல்லை என்பதை எல்லோரும் ஏற்பதில்லை. பிறவியிலேயே வளைந்த நகம் உள்ளவர்களும் உண்டு. ஆனாலும் பழியை முழுக்க நகத்தின் மேல் போட முடியாது என்பது வரை தெளிவு.

முழு நகத்தை எடுத்தால் வலி அன்றே போய்விடும். அதை நம்பித்தான் நோயாளியும் மருத்துவரும் ஏமாறுகிறார்கள். நகத்தை உண்டாக்கும் வேர் அப்படியே இருக்கிறது. கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். முழுசாக வந்து சேர ஓராண்டு, ஒன்றரை ஆண்டுகூட ஆகும். அதுவரை விரல் நுனிச் சதையை மேலிருந்து அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது மேலே எழும்புகிறது. வளர்ந்து வரும் புது நகம் அந்தச் சதையில் போய் முட்டுகிறது. சிலருக்கு ஓரத்தோடு நின்ற தொல்லை நுனிக்கும் பரவுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். வீடு போன பிறகும் பூச்சி போகவில்லை. வேரைத் தொடாமல் நகத்தை மட்டும் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்ப வந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 ஆய்வுகளை, 2,826 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, திரும்ப வராமல் தடுப்பதில் அறுவை சிகிச்சை மற்ற முறைகளைவிட மேல் என்றும், அறுவையோடு, வேரைச் சாகடிக்கும் ஃபீனால் சேர்த்தால் இன்னும் மேல் என்றும் முடிவு சொன்னது.

இதைப் படித்துவிட்டு எல்லோரையும் அறுவை மேசையில் ஏற்ற வேண்டியதில்லை. சிவப்பும் வலியும் மட்டும் உள்ள முதல் படியில் கத்தி தேவையே இல்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தினமும் கால் மணி நேரம் காலை ஊற வைக்கச் சொல்லுங்கள். நகம் மெத்தென்று ஆனதும் பஞ்சைத் திரியாக முறுக்கி நக ஓரத்துக்கு அடியில் செருகி, தினமும் மாற்றச் சொல்லுங்கள். ஒட்டுப் பட்டையின் ஒரு முனையைச் சதை மடிப்பின் மேல் ஒட்டி, நகத்திலிருந்து விலகும்படி இழுத்து, விரலின் அடிப்பக்கமாகச் சுற்றி மறுமுனையை ஒட்டினால் சதை நகத்தை விட்டு நகரும். இதை நோயாளியின் கண் முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள். வாயால் சொல்லி அனுப்பினால் வீட்டில் விரலைச் சுற்றி இறுக்கமாக ஒரு கட்டுத்தான் விழும். கூர்முனை மடிப்பைத் தாண்டி வளரும் வரை, அதாவது சில வாரங்கள், இதைத் தொடர வேண்டும்.

சீழும் புண்சதையும் வந்துவிட்டால், அல்லது இரண்டாம் முறையாக வந்தால், குத்தும் ஓரத்தை மட்டும் எடுங்கள். அட்ரினலின் கலக்காத லிக்னோகைனை விரலின் அடியில் இருபுறமும் போட்டு, ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். ஊசி போட்ட கையோடு கத்தரியை எடுப்பதால்தான் "மரத்துப்போகவே இல்லை" என்ற புகார் வருகிறது. விரலில் ரப்பர் டூர்னிகேட் கட்டினால் அதில் ஒரு பெரிய கிளிப்பை மாட்டி வையுங்கள். கட்டுக்குள் மறந்துவிட்ட டூர்னிகேட் விரலையே அழுகவைத்துவிடும். நகத்தின் ஓரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு வேர் வரை நெடுகப் பிளந்து, அந்தத் துண்டை மட்டும் உருவி எடுங்கள். வேர் மூலை முழுதாக வந்திருக்கிறதா என்று துண்டைக் கையில் வைத்துப் பாருங்கள். சுற்றுத் தோலில் வாசலின் தடவி, ரத்தம் இல்லாமல் ஒற்றிய குழிக்குள் 80 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஃபீனாலைப் பஞ்சுக் குச்சியால் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் தேய்த்து, பிறகு கழுவிவிடுங்கள். அந்த மூலையின் வேர் மட்டும் சாகும்; நகம் கொஞ்சம் ஒடுங்கும்; விரலின் மூடி விரலிலேயே இருக்கும். புண்ணிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் நீர் கசியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஆறுகிற புண்ணைச் சீழ் என்று நினைத்து நோயாளி வேறு டாக்டரிடம் போய்விடுவார். கர்ப்பிணிகளுக்கு ஃபீனால் வேண்டாம்.

இனி, இந்த ஊருக்கென்றே உள்ள விஷயத்துக்கு வருகிறேன். ஐ.சி.எம்.ஆர். நடத்தி 2023-இல் வெளியான இந்தியா முழுமைக்குமான ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாட்டில் 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. உங்கள் மேசைக்கு முன்னால் செருப்பைக் கழற்றும் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கக்கூடும். பலருக்கு அது தெரிந்தே இருக்காது. நாம்தான் அவர்களை நடக்கச் சொல்கிறோம். அவர்களும் புது ஷூ வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போகிறார்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ஷூ கடிப்பது தெரியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அன்றாடக் காயங்களில் தேய்ந்து போகின்றன என்று காட்டினார். சர்க்கரைப் பாதத்துக்கும் அதே கணக்குத்தான். ஆகவே நகத்தைத் தொடுமுன் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடியைத் தொட்டுப் பாருங்கள். பத்து கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் உணர்ச்சியைச் சோதியுங்கள். நாடி கிடைக்காத காலில் கத்தி வைக்காதீர்கள். ஜிப்மருக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புங்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருந்து சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால், சர்க்கரை இருப்பதாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அவர்களுக்கு மூடிவைத்த சீழ்தான் பெரிய ஆபத்து.

இதற்கெல்லாம் ஓ.பி.யில் நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிடுங்கிய நகத்தோடு அதே ஆள் அடுத்த ஆண்டு திரும்பி வரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். மாத்திரை எழுதாவிட்டால் நோயாளி நம்ப மாட்டார் என்பது அடுத்த வாதம். சதைக்குள் முனை இருக்கும்வரை எந்த ஆன்டிபயாடிக்கும் புண்ணை ஆற்றாது. முனை போன பிறகு பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது. சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறினாலோ, சர்க்கரைக்காரருக்குத் தொற்று தெரிந்தாலோ கட்டாயம் எழுதுங்கள். ஃபீனால் போட்டால் தொற்று கூடும் என்பவர்களும் உண்டு. பழைய தொகுப்பு ஒன்று அப்படிச் சொன்னது உண்மைதான். சில வாரக் கசிவா, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் வலியா என்று நோயாளியிடமே கேளுங்கள். நிலையத்தில் ஃபீனால் இல்லையென்றால் இண்டென்ட்டில் எழுதிக் கேளுங்கள். தரை கழுவும் பினாயில் வேறு சரக்கு என்பதை உதவியாளருக்கும் சொல்லி வையுங்கள். இதற்கெல்லாம் அப்பால், சிகிச்சைக்குப் பிறகும் ஆறாத புண்சதையைத் தயங்காமல் பயாப்ஸிக்கு அனுப்புங்கள். அரிதாக அது தோல் புற்றாக இருக்கும். ஜெஃபிட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளும், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினும் இதே மாதிரி விரலைக் காட்டும் என்பதால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் விடாதீர்கள்.

தடுப்பு ஒரு நிமிடப் பேச்சுதான். நகத்தை நேராக வெட்டு, மூலை சதையைத் தாண்டி வெளியே நிற்கட்டும், பாதி உடைத்த பிளேடால் ஓரத்தைத் தோண்டாதே, விரலை அசைக்க முடியாத ஷூவை வாங்காதே, சாக்ஸைத் தினமும் மாற்று. வெள்ளி செவ்வாயில் நகம் வெட்டாதவர்களிடம் வாதாட வேண்டாம். மற்ற ஐந்து நாளில் குளித்த பிறகு வெட்டட்டும். நகத்தின் நடுவில் 'வி' மாதிரி வெட்டினால் ஓரங்கள் உள்ளிழுக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் திருத்துங்கள். நகம் வேரிலிருந்து வளர்கிறது, நுனியில் செய்யும் வெட்டு அதன் போக்கை மாற்றாது. எலுமிச்சம்பழத்தை விரலில் செருகிக்கொண்டு வருபவரைக் கேலி செய்யாமல் பழத்தைக் கழற்றிவிட்டு விரலைப் பாருங்கள். அடுத்த முறை அவர் சீழ் வைக்கும்வரை காத்திருக்காமல் வருவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நகம் வளர ஓராண்டு ஆகிறதென்றால், உங்கள் சிகிச்சை பலித்ததா என்பதும் ஓராண்டு கழித்துத்தான் தெரியும். கட்டுப் பிரிக்கும் நாளில் எல்லா முறையும் வெற்றி மாதிரியே இருக்கும். முழு நகத்தைப் பிடுங்கும் பழக்கம் இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவே காரணம். ஒரு நோட்டில் பெயர், எந்த விரல், எந்த ஓரம், சர்க்கரை அளவு, நாடி, செய்த முறை ஆகியவற்றை எழுதி, பன்னிரண்டாம் மாதம் போன் செய்து கேளுங்கள். என் வாதம் சரியா என்பதை அந்த நோட்டு உங்களுக்குச் சொல்லும். தவறு என்று அது சொன்னால் என்னை விட்டுவிட்டு அதையே நம்புங்கள்.

அன்புடன்,
ஒரு மூத்த மருத்துவர்