நாட்காட்டியும் அரட்டையும் தாமாக வேலை செய்யுமா?

திங்கட்கிழமை காலை 9 மணிக்குக் கூட்டம் என்று கணினி நாட்காட்டியில் குறித்துவைக்கிறோம். அந்த நேரம் நெருங்கியதும் கூட்டக் குறிப்புக் கோப்பைத் திறக்க வேண்டும், வர வேண்டியவர்களுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்ப வேண்டும். இந்தச் சில்லறை வேலைகளைக் கணினியே செய்துகொள்ளும்படி பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதிவைக்க முடியும். மேக் கணினிகளில் இதற்கான ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற மொழி 1993-லேயே வந்துவிட்டது. இருந்தும் தவறான எண்ணங்களால் பலர் இந்த வசதியின் பக்கமே போவதில்லை. போகிறவர்களில் சிலர் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே வருத்தம் தருகின்றன.

“ஸ்கிரிப்ட் என்றால் நமக்குப் பதிலாக மவுஸை நகர்த்தி, பொத்தான்களைச் சொடுக்குவது. அதனால் எந்தச் செயலியையும் இயக்கலாம்.”

இல்லை. 1991-ல் வந்த சிஸ்டம் 7-லிருந்து மேக் நிரல்கள் ஒன்றுக்கொன்று ‘ஆப்பிள் ஈவென்ட்’ எனப்படும் செய்திகளை அனுப்பிக்கொள்கின்றன. ஸ்கிரிப்ட் அந்த வழியில்தான் நாட்காட்டியிடம் பேசுகிறது. நாட்காட்டியின் சாளரம் மற்றவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் வேலை நடக்கும். ஆனால் செயலியை எழுதியவர்கள் எதையெல்லாம் கேட்கலாம் என்று அனுமதித்திருக்கிறார்களோ, அதை மட்டும்தான் கேட்க முடியும். ஓட்டலில் பட்டியலில் இருப்பதைத்தானே ஆர்டர் செய்ய முடியும்? அந்தப் பட்டியலுக்கு ‘டிக்‌ஷனரி’ என்று பெயர். ஸ்கிரிப்ட் எழுதுவதற்கான ஸ்கிரிப்ட் எடிட்டர் செயலியின் ஃபைல் மெனுவிலிருந்து எவரும் அதைத் திறந்து படிக்கலாம். ஆப்பிளின் கேலண்டர் செயலியில் நிகழ்வின் தலைப்பு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், நினைவூட்டல் எல்லாமே பட்டியலில் உண்டு. மெசேஜஸ் செயலியிலோ செய்தி அனுப்பலாம், ஆனால் வந்த செய்தியின் வாசகத்தைப் படிக்கக் கட்டளை கிடையாது.

டிக்‌ஷனரியே இல்லாத செயலிகளும் ஏராளம். அவற்றில்தான் மெனுவையும் பொத்தானையும் ஸ்கிரிப்ட் வழியாகச் சொடுக்கவைக்கும் குறுக்குவழி தேவைப்படுகிறது. அடுத்த பதிப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினால் போதும், மொத்தமும் நின்றுவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைக் கையில் எடுப்பது நல்லது.

“ஒருமுறை கொடுத்த வசதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.”

இந்த நம்பிக்கையால்தான் அதிகம் பேர் அடிபட்டிருக்கிறார்கள். மெசேஜஸுக்கு முன்பு மேக்கில் இருந்த அரட்டைச் செயலியின் பெயர் ஐசாட். 2007-ல் மேக் இயங்குதளத்தின் லெப்பர்ட் பதிப்போடு அதற்கு ஓர் அருமையான திறன் கிடைத்தது. செய்தி வந்தவுடன், யாராவது அழைத்தவுடன், நண்பர் இணைப்புக்கு வந்தவுடன் நாம் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தானாக ஓடும். ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தொலைவிலிருந்து அனுப்பி, வீட்டுக் கணினியை ஒரு வேலை செய்யவைக்கலாம். செயலியை நாம் அழைப்பது ஒரு வகை. ஏதாவது நடக்கும்போது செயலியே நம் ஸ்கிரிப்டை அழைப்பது இன்னொரு வகை. அரட்டையில் நிஜமான பயன் இரண்டாவதில்தான் இருக்கிறது, ஏனென்றால் செய்தி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2018-ல் ஹை சியராவின் 10.13.4 பதிப்பு வந்தபோது இந்த இரண்டாவது வகை மெசேஜஸிலிருந்து நீக்கப்பட்டது. அனுப்பும் கட்டளை தப்பியது. வந்ததைக் கண்டு பதில் செய்யும் திறன் போய்விட்டது. ஒரு சிறு புதுப்பிப்பில் பலருடைய பல வருட ஏற்பாடு இப்படிப் பயனற்றுப்போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாட்காட்டிக்கும் இது நேர்ந்தது. நினைவூட்டல் ஒலிக்கும் நேரத்தில் நேரடியாக ஸ்கிரிப்டை ஓட்டும் தேர்வு ஐகேல் செயலியில் இருந்தது. 2012-ல் மவுண்டன் லயன் வந்து ஐகேல் கேலண்டராகப் பெயர் மாறியபோது அந்தத் தேர்வு காணாமல்போனது. நல்லவேளையாக ஒரு சுற்றுவழி எஞ்சியது. ஸ்கிரிப்டை ஒரு செயலியாகச் சேமித்துவைத்து, நினைவூட்டலில் ‘கோப்பைத் திற’ என்ற தேர்வின் மூலம் அதைத் திறக்கச் செய்யலாம். மேக்கின் தானியங்கிச் செயலியான ஆட்டோமேட்டரிலும் கேலண்டர் நினைவூட்டலுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. கணினி அந்த நேரத்தில் தூங்காமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கைபேசியில் மணி அடிப்பதால் மேசைமேல் மூடிக் கிடக்கும் மடிக்கணினியில் ஸ்கிரிப்ட் ஓடிவிடாது.

விண்டோஸிலும் கதை வேறல்ல. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் 2000-லிருந்து விபிஏ என்ற நிரல்மொழியில் மேக்ரோக்களை எழுதி நாட்காட்டியையும் மடல்களையும் இஷ்டம்போல் கையாள முடிந்தது. மைக்ரோசாஃப்ட் இப்போது முன்னிறுத்தும் புதிய அவுட்லுக்கில் விபிஏ இல்லை. பழைய அவுட்லுக்கில்தான் அந்த மேக்ரோக்கள் ஓடும். அலுவலகத்தில் யாரோ எப்போதோ எழுதிய மேக்ரோவை நம்பித் தினசரி வேலை நடக்கிறது என்றால், புதியதற்கு மாறும் முன் அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

“பயனரைக் கட்டிப்போடவே நிறுவனங்கள் இதையெல்லாம் பிடுங்குகின்றன.”

கோபம் நியாயமானது. காரணம் அவ்வளவு எளிதல்ல. 1999 மார்ச்சில் பரவிய மெலிஸா வைரஸ் ஒரு வேர்ட் மேக்ரோ. கோப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ ஒரு விபி ஸ்கிரிப்ட் கோப்பு. அது பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போனது. அவுட்லுக்கின் எந்த ரகசியக் கதவையும் இவை உடைக்கவில்லை. நமக்காகத் திறந்துவைத்திருந்த அதே கதவு வழியாகத்தான் நுழைந்தன. அதன் பிறகே ஒரு நிரல் முகவரிப் பட்டியலைத் தொட்டால் அவுட்லுக் பயனரிடம் கேட்கத் தொடங்கியது.

நாட்காட்டித் தகவலுக்கான பொதுத் தரத்திலேயே இந்த ஆபத்து எழுதப்பட்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1998-ல் வெளியான ஐகேலண்டர் தரம், அதாவது ஆர்.எஃப்.சி. 2445, நினைவூட்டல் நேரத்தில் நான்கு செயல்களை அனுமதித்தது: ஒலி எழுப்புவது, திரையில் காட்டுவது, மின்னஞ்சல் அனுப்புவது, ஒரு நிரலை ஓட்டுவது. நாட்காட்டி அழைப்பு யாரிடமிருந்தும் வரலாம். முகம் தெரியாதவர் அனுப்பும் அழைப்பு நம் கணினியில் நிரலை ஓட்டச் சொன்னால் என்ன ஆகும்? 2009-ல் அதற்கு மாற்றாக வந்த ஆர்.எஃப்.சி. 5545 அந்த நான்காவதை நீக்கிவிட்டது. அது சரியான முடிவு.

ஆனால் பிறர் அனுப்பும் நிரலும் என் கணினியில் நானே எழுதிவைக்கும் நிரலும் ஒன்றல்ல. 2018-ல் வந்த மேக்கின் மொஹாவே பதிப்பு இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டது. ஒரு செயலி இன்னொன்றைக் கட்டுப்படுத்த முயன்றால், முதல்முறை நம்மைக் கேட்கும். சம்மதித்தால் நடக்கும், மறுத்தால் நடக்காது. இப்படிக் கேட்டு அனுமதிக்கும் வழி இருக்கும்போது, மெசேஜஸில் வசதியையே வெட்டி எறிந்திருக்க வேண்டியதில்லை.

“ஆப்பிள்ஸ்கிரிப்ட் செத்துவிட்டது.”

ஆப்பிளில் தானியங்கித் தொழில்நுட்பங்களுக்குப் பொறுப்பாக இருந்த சால் சொகோயனின் பதவி 2016-ல் நீக்கப்பட்டபோது இந்தப் பேச்சு வலுத்தது. புதிய மெருகு இல்லை என்பது உண்மை. ஆனால் மொழி இன்னும் ஒவ்வொரு மேக்கோடும் வருகிறது. 2021-ல் மேக்கிற்கு வந்த ஷார்ட்கட்ஸ் செயலியே, ஆப்பிள்ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கென்று ஒரு படியைத் தன்னுள் வைத்திருக்கிறது.

“ஆங்கில வாக்கியம் மாதிரி இருப்பதால் யாரும் எழுதிவிடலாம்.”

படிப்பது எளிது, எழுதும்போதுதான் சிக்கும். வாரந்தோறும் நடக்கும் கூட்டம் ஒன்று சென்ற ஆண்டு தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த வாரம் தொடங்கும் நிகழ்வுகளைக் கொடு’ என்று கேலண்டரிடம் ஸ்கிரிப்டில் கேட்டால் அந்தக் கூட்டம் வராது. டிக்‌ஷனரியின் கண்ணில் அது ஒரே நிகழ்வு, தொடக்க நாள் சென்ற ஆண்டு, திரும்ப வரும் விதி அதன் ஒரு பண்பு, அவ்வளவே. ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியாக விரித்துத் தருவது ஈவென்ட்கிட் என்ற அடுக்கு. மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வுகள் வேண்டுமென்றால் ஸ்கிரிப்ட் அதை நாட வேண்டும்.

தேதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 3/4/2025 என்று ஸ்கிரிப்டில் எழுதினால், இந்திய அமைப்புள்ள கணினி அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்க அமைப்பில் அதுவே மார்ச் 4. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு உங்கள் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் கூட்டம் ஒரு மாதம் முன்னால் போய்விடலாம். அதனால் தேதியை எழுத்தாகக் கொடுக்காமல் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியே அமைக்க வேண்டும். அதிலும் இன்றைய தேதி 31 ஆக இருக்கும்போது மாதத்தை ஏப்ரல் என்று மாற்றினால், ஏப்ரல் 31 இல்லாததால் அது மே 1-க்குத் தாவிவிடும். முதலில் நாளை 1 ஆக்கி, பிறகு ஆண்டையும் மாதத்தையும் அமைத்து, கடைசியில் உரிய நாளைப் போட்டால் எந்த ஊர்க் கணினியிலும் தேதி பிசகாது.