பந்திக்கு மறுநாள்

எடை குறைக்க முயல்பவர்கள் கல்யாணச் சாப்பாட்டில் ஒரு பிடி பிடித்துவிட்டால், மறுநாள் எடை பார்க்கும் மெஷினில் ஏற வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல்கூடக் கூடியிருக்கலாம். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பில் உள்ள உப்பு உடலில் நீரைத் தேக்கிவைக்கும். சோறும் பாயசமும் உடலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்பு ஏற, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு வேளை விருந்தில் அது நடக்காது. நாலைந்து நாள் கழித்து எடை பாருங்கள்.

பிராயச்சித்தமாகப் பட்டினி கிடப்பதுதான் உண்மையில் கெடுதல். காலையில் வெறும் காபியோடு நிறுத்தினால், சாயங்காலம் கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போகும். வழக்கம்போல இட்லி, சாம்பார் சாப்பிடுங்கள். மதியம் சோற்றைக் குறைத்து கீரை, பொரியல், மோர். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் எந்த வேளையையும் தவிர்க்கவே கூடாது. சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம்.

அடுத்த பந்தியில் கூட்டு, பொரியலை முதலில் முடியுங்கள். இரண்டாம் முறை சோறு வரும்போது இலைமேல் கையை நீட்டி மறித்துவிடுங்கள். பாயசம் உயிர் என்றால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள், ஜாங்கிரியை விடுங்கள்.

வீட்டுக்கு வரும் சீர் முறுக்கும் அதிரசமும்தான் ஒரு வாரம் இழுக்கும். அன்றைக்கே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.