ஒரே வகை மகிழுந்து, வேறு வேறு கணக்கு

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் உள்ள பெற்றோர் வீட்டில் ஒரு குடும்பம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் இரண்டு ஹைபிரிட் மகிழுந்துகள் நிற்கின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை. தயாரிக்கப்பட்ட ஆண்டும் ஒன்றே. ஒன்று பிரிக்பீல்ட்சில் வசிக்கும் அக்காளுடையது. மற்றொன்று கிள்ளானில் வசிக்கும் தம்பியுடையது.

பேச்சு எரிபொருள் செலவை நோக்கித் திரும்புகிறது. அக்காளின் மகிழுந்து ஒரு லிட்டர் பெட்ரோலில் 22 கிலோமீட்டர் ஓடுகிறது. தம்பியின் மகிழுந்தோ 17 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

தம்பியின் முகம் வாடுகிறது. "என் வண்டியில் மின்கலம் பழுதாகிவிட்டது போலிருக்கிறது, அக்கா. புதியதை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்" என்கிறார். புதிய மின்கலத்திற்குப் பல ஆயிரம் ரிங்கிட் செலவாகும். அது மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்து வைத்த பணம்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அம்மா சொல்வதில்லையா? முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம், தம்பி" என்கிறார் அக்காள்.

ஒரே வகை மகிழுந்துகள் இரண்டு ஏன் வேறு வேறு அளவில் எரிபொருளைச் செலவிடுகின்றன? இதை அறிய, ஹைபிரிட் மகிழுந்து எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு ஆற்றல்கள்

ஹைபிரிட் மகிழுந்தில் பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்குகின்றன. பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் ஹைபிரிட் மகிழுந்தான டொயோட்டா பிரியஸ், 1997 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. மலேசிய அரசாங்கம், 2011ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 2,000 சிசிக்குக் குறைவான இயந்திரம் கொண்ட ஹைபிரிட் மகிழுந்துகளுக்கு இறக்குமதி வரியிலிருந்தும் கலால் வரியிலிருந்தும் முழு விலக்கு அளித்தது. அச்சலுகை 2013ஆம் ஆண்டு இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. அதனால், நம் நாட்டுச் சாலைகளில் இவ்வகை மகிழுந்துகள் பெருகின.

சாதாரண மகிழுந்தில் பிரேக்கை அழுத்தும்போது, வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. ஹைபிரிட் மகிழுந்தில், மின்மோட்டார் அப்போது மின்னாக்கியாகச் செயல்பட்டு, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றி மின்கலத்தில் சேமிக்கிறது. வண்டி மெதுவாக நகரும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் பெட்ரோல் இயந்திரம் பெரும்பாலும் ஓய்வெடுக்கிறது. எனவே, வேகம் குறைவதும் கூடுவதுமாக இருக்கும் நகரச் சாலையே ஹைபிரிட் மகிழுந்துக்கு ஏற்ற களம்.

சாலை செய்யும் வேறுபாடு

அக்காள் நாள்தோறும் பிரிக்பீல்ட்சிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்குச் செல்கிறார். துன் சம்பந்தன் சாலையின் சமிக்ஞை விளக்குகளில் நின்று, பிறகு நெரிசலில் ஊர்ந்து போகிறார். அவர் பிரேக்கை மென்மையாக அழுத்தும் ஒவ்வொரு முறையும் மின்கலத்திற்குச் சிறிது மின்சாரம் சேர்கிறது.

தம்பியின் பாதை வேறு. நெரிசலுக்கு அஞ்சி, விடியும் முன்பே கிள்ளானிலிருந்து புறப்பட்டு, விரைவுச்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கோலாலம்பூருக்குச் செல்கிறார். அந்த வேகத்தில் பிரேக்கை அழுத்தும் தேவை குறைவு; சேமிக்கும் வாய்ப்பும் குறைவு. மேலும், வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் இருக்கும் காற்றெதிர்ப்பு, 110 கிலோமீட்டரில் ஏறக்குறைய இருமடங்காகிவிடுகிறது. அதை எதிர்த்துப் போராடுவது பெரும்பாலும் பெட்ரோல்தான்.

மலைப்பாதையிலும் ஒரு வரம்பு உண்டு. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது மின்கலம் விரைவில் நிறைந்துவிடும். அதன் பிறகு கிடைக்கும் ஆற்றலைச் சேமிக்க இடமில்லை.

ஓட்டுநரும் சூழலும்

ஓட்டும் முறையும் கணக்கை மாற்றுகிறது. முன்னால் செல்லும் வண்டியை நெருங்கிய பிறகு பிரேக்கைத் திடீரென அழுத்தினால், மின்மோட்டாரால் அவ்வளவு ஆற்றலையும் ஒரே நேரத்தில் ஏற்க முடியாது. மிஞ்சியதைச் சாதாரண பிரேக் வெப்பமாக்கி வீணாக்கிவிடும். தூரத்திலேயே சிவப்பு விளக்கைக் கவனித்து வேகத்தைச் சிறுகச் சிறுகக் குறைப்பவருக்கு அதிக மின்சாரம் கிடைக்கும்.

நம் நாட்டு வெப்பத்தில் ஆண்டு முழுவதும் குளிர்சாதனம் தேவைப்படுகிறது. நெரிசலில் நிற்கும்போது குளிர்சாதனம் மின்கலத்தின் மின்சாரத்தைச் செலவிட்டால், அதை ஈடுகட்ட இயந்திரம் மீண்டும் இயங்கும். காலையில் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்தைக்குச் சென்று திரும்புபவரும் எதிர்பார்த்த சிக்கனத்தைக் காண்பதில்லை. இயந்திரம் சூடாவதற்கே பெட்ரோல் செலவாகிவிடுகிறது. சூடாகி முடிவதற்குள் பயணமும் முடிந்துவிடுகிறது. காற்றுக் குறைந்த சக்கரங்களும், பின்புறத்தில் ஏற்றிவைத்து இறக்க மறந்த சுமையும் செலவைக் கூட்டும்.

விளம்பர எண்ணும் உண்மை எண்ணும்

"விளம்பரத் தாளில் இதைவிட நல்ல எண் இருந்ததே!" என்று தம்பி கேட்கிறார். அந்த எண் ஆய்வுக்கூடத்தில், உருளைகளின்மேல் மகிழுந்தை ஓடவிட்டுப் பெறப்படுவது. ஐரோப்பாவின் பழைய சோதனை 20 நிமிடங்களில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரத்தை அளந்தது. 2017இல் நடைமுறைக்கு வந்த புதிய சோதனை 30 நிமிடங்களில் ஏறக்குறைய 23 கிலோமீட்டர் தூரத்தை அளக்கிறது. இரண்டிலும் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டிருக்கும். அந்த எண்கள் வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவுபவை. ஒவ்வொருவரின் பயணத்திற்கும் தரப்படும் உத்தரவாதம் அல்ல.

அமெரிக்காவில் நடந்த மாற்றம் இதைத் தெளிவாக்குகிறது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2008ஆம் ஆண்டு மகிழுந்துகள் முதல், அதிக வேகம், குளிர்சாதனப் பயன்பாடு, குளிர்ந்த வானிலை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. அதனால், அப்போதைய பிரியஸ் மகிழுந்தின் மதிப்பீடு கேலனுக்கு 55 மைலிலிருந்து 46 மைலாகக் குறைந்தது. மகிழுந்து மாறவில்லை, அளக்கும் முறையே மாறியது.

முடிவு சொன்ன சோதனை

அக்காளும் தம்பியும் ஒரு திட்டம் வகுக்கிறார்கள். ஒரு மாதத்திற்கு மகிழுந்துகளை மாற்றி ஓட்டுவது. ஒவ்வொரு முறையும் பெட்ரோலை நிறைய நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துக் குறித்துவைப்பது. 20 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் கூடினாலோ குறைந்தாலோ கணக்கில் 5 விழுக்காடு பிழை வந்துவிடும். ஆகவே, ஒருமுறை நிரப்பியதை நம்பாமல், பலமுறை நிரப்பியதன் சராசரியை எடுக்கிறார்கள்.

மாத இறுதியில் விடை தெரிகிறது. தம்பியின் மகிழுந்து அக்காளின் பாதையில் 21 கிலோமீட்டர் தந்திருக்கிறது. அக்காளின் மகிழுந்து தம்பியின் பாதையில் 18 கிலோமீட்டர்தான் தந்திருக்கிறது. எண் வண்டியோடு போகவில்லை. பெரும்பாலும் சாலையோடும் ஓட்டியவரோடும் போயிருக்கிறது. மீதமிருந்த சிறு வேறுபாட்டிற்குத் தம்பியின் வண்டிச் சக்கரங்களில் காற்றுக் குறைந்திருந்தது ஒரு காரணம்.

மகள் தாளை எடுத்து இன்னொரு கணக்கும் போடுகிறாள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால், 22 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு ஏறக்குறைய 68 லிட்டர் தேவை. 17 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 88 லிட்டர் தேவை. வேறுபாடு 20 லிட்டர். ஒரு லிட்டர் 2 ரிங்கிட் என்று கொண்டால், மாதம் 40 ரிங்கிட். புதிய மின்கலத்திற்கு 5,000 ரிங்கிட் செலவிட்டு, அந்த வேறுபாடு முழுவதும் நீங்கினால்கூட, போட்ட பணத்தை மீட்கப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். "அப்பா, அந்தப் பணம் அப்படியே இருக்கட்டும்" என்கிறாள் அவள்.

எனினும், ஒவ்வொரு குறைவையும் சாலையின்மேல் போட்டுவிடக் கூடாது. ஒருவர் அதே பாதையில் அதே முறையில் ஓட்டும்போது, தம் மகிழுந்தின் எண் திடீரெனச் சரிந்தால், பணிமனையில் காட்டிச் சோதிக்க வேண்டும். சில வகைகளில் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றுத்துளை தூசியால் அடைத்திருப்பதும் உண்டு. பிறருடைய எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்குவதைவிட, தம் வண்டியின் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதே பயன் தரும்.

அந்த மாதத்திற்குப் பிறகு, தம்பி விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்திலேயே செல்கிறார். வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுகிறார். வண்டியின் கையுறைப் பெட்டியில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. அதில் மூன்றே நிரல்கள்: நாள், தூரம், லிட்டர்.