புது பேட்டரியும் இறங்கிப்போனால்

ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியும் திங்கட்கிழமை காலையில் செல்ஃப் எடுக்காத கார்கள் என் பட்டறைக்கு அடிக்கடி வரும். வருகிறவர் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருவார்: “இந்த பேட்டரியே சரியில்லண்ணே!” பேட்டரி கெட்டுப்போவது உண்டுதான். நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடம் ஓடினாலே அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புது பேட்டரி இரண்டு மூன்று நாளில் இறங்குகிறது என்றால், கரண்டைக் குடிக்கிற ஆள் வண்டிக்குள் வேறு எங்கோ இருக்கிறான்.

அவனைத் தேடுவதற்கு முன் இரண்டு அளவு பார்த்துவிட வேண்டும். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தியபின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும், அதனால் சற்று முன்பின் இருந்தால் பதற வேண்டாம். தினமும் தெருமுனை வரை மட்டும் போய்வரும் கார் என்றால் மீட்டரே வேண்டாம். ஸ்டார்ட் செய்யச் செலவானதுகூடத் திரும்ப ஏறியிருக்காது.

பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். ரிமோட் லாக், அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். 50 என்றே வைத்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர் ஹவர்தான், 45 ஏ.ஹெச். பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும். அதுவே அரை ஆம்பியர் போனால் நாளுக்கு 12. மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான்.

அளப்பதற்கு டிசி மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் நல்லது. வீட்டு வயரிங் ஆட்களிடம் இருக்கும் ஏசி கிளாம்ப் இதற்கு உதவாது. சாதாரண மல்டிமீட்டர் என்றால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே 10 ஆம்பியர் துளையில் மாட்டவேண்டும். மாட்டியிருக்கும்போது யாராவது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போச்சு.

அதற்குப் பிறகு வேண்டியது பொறுமை. கதவு திறந்திருக்கும்போதே அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு, வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கும்வரை அரைமணி முக்கால்மணி காத்திருக்க வேண்டும். ஸ்மார்ட் சாவி பக்கத்திலேயே இருந்தால் சில வண்டிகள் தூங்காது. பூட்டியவுடன் மீட்டரில் ஆம்பியர் கணக்கில் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்து ‘ஷார்ட்’ என்று வயரிங்கைப் பிரித்துப்போட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வண்டிகளுக்குச் சரி. இப்போதைய கார்களில் ஒன்றைப் பிடுங்கிச் செருகினாலே தூங்கிய கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். அதற்குப் பதில் ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் கரண்ட் இல்லை. ஓரிரு மில்லிவோல்ட் வந்தால் ஓடுகிறது.

ஒரு ஃபியூஸில் மட்டும் காட்டினால் வேலை சுலபம்: எரிந்துகொண்டே இருக்கும் டிக்கி லைட், ஒட்டிக்கொண்ட ரிலே என்று ஏதாவது சிக்கும். எந்த ஃபியூஸிலும் இல்லாமல் மொத்தக் கரண்ட் மட்டும் அதிகமாக இருந்தால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகிப்பேன். தலைவலி எல்லாம் பல ஃபியூஸிலும் கொஞ்சம் கொஞ்சம் காட்டும்போதுதான். அப்படி ஒரு வண்டி வந்தது. மீட்டர் 30 மில்லி ஆம்பியருக்கு இறங்கும், சில நிமிஷத்தில் முக்கால் ஆம்பியருக்கு எகிறும், மறுபடி இறங்கும். ‘கேன்’ (CAN) என்கிற பொது வயரில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசுவதால், ஒன்று விழித்தால் மற்றவையும் எழுந்துவிடும். அப்போது கரண்ட் எங்கே போகிறது என்று தேடிப் பயனில்லை, எழுப்புவது யார் என்று தேடவேண்டும்.

நான் முதலில் கை வைப்பது வெளியே மாட்டிய பொருட்களில்தான்: ஜிபிஎஸ், டேஷ்கேம், ஓபிடி சாக்கெட்டில் செருகிய கருவி, ஆண்ட்ராய்டு செட். அந்த வண்டியில் செட்டோடு வந்த சின்ன கேன் பெட்டிதான் ஆசாமி. திரை அணைந்தபின்னும் அது விழித்து, கூட இருந்தவற்றையும் எழுப்பிக்கொண்டிருந்தது. நேரடி ப்ளஸ்ஸிலிருந்து எடுத்து, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயருக்கு மாற்றியதும் அளவு 30-லேயே நின்றது. பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் வண்டியிலும் இந்தத் தொல்லை இருந்தால், எத்தனை நாள் நிறுத்தினால் இறங்குகிறது, வாங்கியபின் என்னென்ன மாட்டினீர்கள் என்பதை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். வண்டியை ஒரு நாளாவது விட்டுவிட்டுப் போங்கள். பத்து நிமிஷத்தில் முடித்துத் தரச் சொன்னால் எங்களால் பேட்டரியை மட்டும்தான் மாற்ற முடியும்.